ஆர்சனல் 5, லீட்ஸ் 0: இரண்டாவது ஆட்டத்திலேயே கைகழுவிவிடுவதா?

எல்லண்ட்ரோடு_பத்தாங் | ஞாயிறு 24.8.2025, விடியற்காலை 3.05

ஆட்டம் முடிந்ததும் நம் வாட்சாப் குழுவில் வந்து விழுந்ததை எல்லாம் படித்தேன். அங்கே பதில் போட்டால் ஐந்து நிமிடத்தில் மேலே ஓடிவிடும், அதனால் இங்கே எழுதுகிறேன். பயிற்றுநர் ஃபார்க்கேயைத் தூக்குங்கள், புதிதாக வாங்கிய ஆட்டக்காரர்கள் யாருமே தேறமாட்டார்கள், மே மாதம் பிரிமியர் லீக்கிலிருந்து கீழே போவது உறுதி என்றெல்லாம் எழுதியிருப்பவர்கள் எதிரணி ரசிகர்கள் இல்லை, நம் ஆட்கள்தான். பத்தாங் பெர்ஜுந்தையில் லீட்ஸ் சட்டை போடுகிறவர்களே கொஞ்சம் பேர், அவர்களும் இப்படிப் பேசினால் எனக்கு மனசு ஆறவில்லை.

ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர்கள் யோசித்துப் பாருங்கள். 33 நிமிடம் வரை கோல் இல்லை. 34இல் ரைஸ் அடித்த கார்னரை டிம்பர் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். இடைவேளைக்கு விசில் ஊதப் போகிற நேரத்தில் சாக்கா. திரும்பி வந்து மூன்று நிமிடத்தில் யோகெரெஸ். 56இல் மறுபடியும் கார்னர், மறுபடியும் டிம்பர். அதோடு சரி, கடைசி பினால்டி வரைக்கும் வேறு கோல் இல்லை. 22 நிமிடத்தில் நான்கு கோல் வாங்கினோம், ஆட்டம் போனது அங்கேதான். ஐந்தில் இரண்டு கார்னர், ஒன்று பினால்டி, ஆடி ஓடி நம்மை உடைத்துப் போட்டது இரண்டே இரண்டு.

ஐந்து என்பது பெரிய அடிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாம் லீக்கில் நிற்பதும் விழுவதும் ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானத்தில் முடிவாகப் போவதில்லை, நம் சொந்த மைதானமான எல்லண்ட் ரோட்டில் முடிவாகும். போன பருவம் கீழ் லீக்கான சாம்பியன்ஷிப்பில் ஆடியபோது அங்கே தோற்றது ஒரே ஒரு ஆட்டம், 2024 செப்டம்பரில் பர்ன்லியிடம். போன வாரம் அதே மைதானத்தில்தான் எவர்ட்டனை 1-0 என்று வென்றோம், நமக்குச் செவ்வாய் விடியற்காலை, பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அதற்குள் அது மறந்துபோச்சா?

ஈஜோக்_கன்னர் | ஞாயிறு, விடியற்காலை 3.20

அண்ணே, எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், கிண்டல் இல்லை. நேற்று எங்கள் மைதானம் இருந்த நிலையில் யார் வந்திருந்தாலும் வாங்கியிருப்பார்கள். ஆட்டத்துக்கு முன்னால் புதிதாக வாங்கிய எஸேயைக் கூட்டி வந்து நடு மைதானத்தில் நிறுத்தினார்கள், அப்போதே ஆள்கள் கூரையைப் பிய்க்கிற மாதிரி கத்தினார்கள். யோகெரெஸ் முதல் கோல் எப்போது போடுவார் என்று எல்லாரும் காத்திருந்தோம், அவர் இரண்டு போட்டார். டௌமன் பையனுக்கு 15 வயது 235 நாள், பிரிமியர் லீக் சரித்திரத்தில் அவனைவிடச் சின்ன வயதில் ஆடியது எங்களின் இன்னொரு பையன் வனேரி மட்டும்தான். கடைசி பினால்டியும் டௌமன் வாங்கிக் கொடுத்ததுதான்.

எங்களுக்கும் சந்தோஷம் முழுசாக இல்லை. சாக்காவும் ஓடகார்டும் காயத்தோடு வெளியே போனார்கள், அடுத்த வாரம் லிவர்பூல்.

செம்பனை_9 | ஞாயிறு, காலை 7.40

நான் குழுவில் எழுதினேன், மறைக்க வேண்டியதில்லை. 2023இல் டோட்டன்ஹாமிடம் சொந்த மைதானத்தில் 4-1 வாங்கிக் கீழே இறங்கியதைப் பார்த்தேன். அடுத்த வருஷம் 90 புள்ளி எடுத்தும் மூன்றாவது இடம், அப்புறம் வெம்ப்ளியில் சவுத்ஹாம்ப்டனிடம் 1-0. அதற்கு அடுத்த வருஷம் 100 புள்ளி, 95 கோல், கடைசி நாள் பிளிமத்தில் கூடுதல் நேரத்தில் சாலமன் அடித்துக் கிண்ணம். இவ்வளவு தூரம் ஏறி வந்துவிட்டு இரண்டாவது ஆட்டத்தில் ஐந்து வாங்கும்போது வயிறு எரியாதா? பொறுமையாக இரு என்று சொல்வது சுலபம் அண்ணே. இன்னும் கொஞ்ச நேரத்தில் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனால் அங்கே உட்கார்ந்திருக்கிற மென்செஸ்டர்காரர்கள் ஐந்து விரலைக் காட்டுவார்கள், நாளைக்குக் காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனால் அங்கேயும் அதே கதைதான்.

ரவாங்_சிவப்பு | ஞாயிறு, காலை 9.15

நான் மென்செஸ்டர் யுனைடெட் ரசிகன்தான், விரல் காட்டமாட்டேன், ஆனால் கணக்கைக் காட்டுவேன்.

2023-24இல் ஏறி வந்த மூன்று அணி: லூட்டன் 26 புள்ளி, பர்ன்லி 24, ஷெஃபீல்ட் யுனைடெட் 16. மூன்றும் இறங்கின. 2024-25: லெஸ்டர் 25, இப்ஸ்விச் 22, சவுத்ஹாம்ப்டன் 12. மூன்றும் இறங்கின. அதற்கு முன் மூன்றும் ஒன்றாக இறங்கியது 1997-98இல் போல்ட்டன், பார்ன்ஸ்லி, கிரிஸ்டல் பேலஸ் மட்டும்தான். அப்போது அதிசயமாக இருந்தது இப்போது அடுத்தடுத்து இரண்டு முறை நடந்துவிட்டது.

இன்னொன்று. உங்கள் ஃபார்க்கேக்கு இது முதல் தடவை இல்லை. 2021இல் நாரிச்சோடு ஏறி வந்தார், அங்கேயும் இரண்டாவது ஆட்டம்தான், மென்செஸ்டர் சிட்டியிடம் 5-0. நவம்பரில் பிரென்ட்ஃபோர்டை வென்ற அன்றே வேலை போனது. நாரிச் 22 புள்ளியோடு கடைசி. அதற்கு முந்தின தடவை 2019இல் ஏறியபோது முதல் ஆட்டம் லிவர்பூலிடம் 4-1, அந்த வருஷமும் கடைசி இடம், 21 புள்ளி. சாம்பியன்ஷிப்பில் இவரை மிஞ்ச ஆள் இல்லை, மேலே வந்தால் நிற்க முடியவில்லை. இதை எப்படி ஒதுக்குவது என்று யாராவது சொல்லுங்கள்.

புக்கிட்ரோத்தான்_டீச்சர் | ஞாயிறு, காலை 11.30

இப்போதுதான் வீட்டு வேலை முடிந்து உட்கார்ந்தேன், இந்த இழையை விட மனம் வரவில்லை.

ரவாங் தம்பி சொன்ன எண்கள் எல்லாம் சரி. ஆனால் அவை சொல்வது ஏறி வந்த அணிகள் திணறுகின்றன என்பதை. ஆரம்பத்தில் ஒரு பெரிய தோல்வி வந்தால் இறங்கிவிடுவார்கள் என்பது வேறு கேள்வி. அதற்குப் பழைய கணக்கு இருக்கிறது.

2008இல் ஹல் சிட்டி ஏறி வந்தது, அவர்கள் சரித்திரத்தில் முதல் முறை. மூன்றாவது ஆட்டம், அதுவும் சொந்த மைதானத்தில், விகனிடம் 5-0. அடுத்த மாதமே ஆர்சனல் மைதானத்துக்குப் போய் 2-1 என்று வென்றார்கள், அதற்கு அடுத்த வாரம் டோட்டன்ஹாமை அவர்கள் இடத்திலேயே 1-0. கடைசியில் 35 புள்ளி, 17ஆம் இடம், தப்பித்துவிட்டார்கள். ஒரு புள்ளி குறைவாக எடுத்த நியூகாசல் இறங்கியது.

2010இல் வெஸ்ட் பிராம் முதல் நாளே செல்சியிடம் 6-0. அவர்களும் செப்டம்பரில் ஆர்சனலை 3-2 என்று அங்கேயே போய் வென்றார்கள். 47 புள்ளி, 11ஆம் இடம். 2022இல் போர்ன்மத் நான்காவது ஆட்டத்தில் லிவர்பூலிடம் 9-0. ஒன்பது! மூன்று நாளில் ஸ்காட் பார்க்கருக்கு வேலை போனது, கேரி ஓநீல் வந்தார், 39 புள்ளியோடு 15ஆம் இடம். அதே வாரம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் சிட்டியிடம் 6-0, அவர்களும் நின்றார்கள்.

மறுபக்கமும் உண்டு, சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 2010இல் பிளாக்பூல், முதல் ஆட்டம் விகனை 4-0 என்று வென்றது, இரண்டாவது ஆட்டம் ஆர்சனலிடம் 6-0. நம் கதைக்கு மிக நெருக்கமானது இதுதான், ஜெயித்துவிட்டு அதே மைதானத்தில் அடி. லிவர்பூலை இரண்டு ஆட்டத்திலும் வென்றார்கள், கடைசி நாள் வரை போராடினார்கள், 39 புள்ளி எடுத்தும் இறங்கினார்கள். போர்ன்மத் அதே 39ஐ வைத்துக்கொண்டு 15ஆம் இடத்தில் இருந்தது. பிளாக்பூல் அந்தப் பருவம் மொத்தம் 78 கோல் வாங்கியது, வாரா வாரம் ஒழுகியதால்தான் போனார்கள், ஆர்சனலிடம் வாங்கிய ஆறினால் இல்லை.

ஆக, நேற்று நடந்ததைவிட, இது பழக்கமாகிவிடுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ரவாங்_சிவப்பு | ஞாயிறு, மதியம் 12.10

டீச்சர், நீங்கள் சொன்ன உதாரணத்தில் புதியது 2022தான். அதற்கு அப்புறம் வந்த ஆறு அணியில் ஒன்றுகூட நிற்கவில்லை. பணம்தான் காரணம் என்று நினைக்கிறேன். மூன்று வருஷத்துக்குச் சேர்த்து 105 மில்லியன் பவுனுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்று விதி இருக்கிறது, வருஷத்துக்கு 35. ஆனால் சாம்பியன்ஷிப்பில் இருந்த வருஷத்துக்கு 13தான் கணக்கு. லீட்ஸ் இரண்டு வருஷம் கீழே இருந்ததால் உங்களுக்கு 61. எதிரே ஆர்சனலுக்கு முழு 105. எஸேயை அவர்கள் மைதானத்தில் நிறுத்திக் காட்டும்போது நீங்கள் காசு கொடுக்காமல் வருகிற கால்வர்ட்-லூவினைத்தான் எடுக்க முடியும். ஒரே ஓட்டப் பந்தயம், உங்களுக்கு மட்டும் பின்னால் தள்ளிக் கோடு போட்டிருக்கிறார்கள். இதை நான் உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை, எனக்கே பிடிக்கவில்லை. ஏறுகிறவன் எல்லாம் இறங்கினால் இந்த லீக்கை எதற்குப் பார்ப்பது?

எல்லண்ட்ரோடு_பத்தாங் | ஞாயிறு, மதியம் 12.45

இது நியாயமான பேச்சு. பணத்தைப் பற்றி நான் மறுக்கவே மாட்டேன், ஃபார்க்கேயின் பழைய கணக்கையும் மறுக்கவில்லை. ஆனால் நாரிச்சில் அவருக்குக் கிடைத்த ஆட்களையும் இப்போது இருப்பவர்களையும் பாருங்கள். நாம் இந்த முறை உயரமும் உடம்பும் பார்த்து வாங்கியிருக்கிறோம், பியோல், ஸ்டாக், இன்மெச்சா, பெர்ரி எல்லாரும் பெரிய ஆட்கள், பெரிய லீக்குகளில் ஆடிவிட்டு வந்தவர்கள். அப்படிப்பட்ட அணி இரண்டு கார்னரில் கோல் வாங்கியதுதான் எனக்குப் புரியவில்லை.

அப்புறம் இந்த வருஷத்தையும் போன வருஷத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள். சந்தர்லாந்து முதல் ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமை 3-0. பர்ன்லி டோட்டன்ஹாமிடம் 3-0 தோற்று, நேற்று சந்தர்லாந்தை 2-0. நாம் ஒன்று ஜெயித்தோம், ஒன்று தோற்றோம். ஏறி வந்த மூன்று அணிக்கும் இரண்டு ஆட்டத்தில் தலா 3 புள்ளி. போன வருஷம் சவுத்ஹாம்ப்டனும் இப்ஸ்விச்சும் முதல் வெற்றியைப் பார்த்ததே நவம்பரில்.

பர்ன்லிக்கு இப்போது பயிற்றுநர் யார் தெரியுமா, அதே ஸ்காட் பார்க்கர். ஒன்பது வாங்கி வெளியே போன ஆள், போன பருவம் 46 ஆட்டத்தில் 16 கோல் மட்டுமே விட்டு 100 புள்ளியோடு திரும்பி வந்திருக்கிறார்.

பழைய_கோலி | ஞாயிறு, பிற்பகல் 3.30

தம்பி, கார்னர் புரியவில்லை என்று கேட்டதால் எழுதுகிறேன். எனக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல், பேரன் பெரிய டிவியில் போட்டுக் காட்டினான்.

ஆர்சனல் கார்னர் அடிக்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள், ஆட்களைப் பாருங்கள். நான்கைந்து பேர் தூரத்துக் கம்பத்துக்கு அப்பால் கூட்டமாக நிற்பார்கள். பந்து காலை விட்டுக் கிளம்புகிற அதே கணத்தில் எல்லாரும் சிறு கட்டத்துக்குள் பாய்வார்கள், ஒருவர் மட்டும் கோலிக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். பிடிக்கமாட்டார், இடிக்கமாட்டார், நிற்பார், அவ்வளவுதான். கோலி ஒரு எட்டு எடுத்து வைக்க இடம் இருக்காது. இதற்கென்றே ஜோவர் என்று ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கோலியைத் திட்டுவதில் பயன் இல்லை. அந்த முன்னால் நிற்கிற ஆளை நகர்த்துவதற்கு நம் ஆள் ஒருவரை ஒதுக்க வேண்டும், அவர் பந்தைப் பற்றிக் கவலையே படக் கூடாது. அப்புறம் இரண்டாவது பந்து. முதல் பந்து தட்டி விழுந்ததும் நம் ஆட்கள் நின்று பார்த்தால் டிம்பர் மாதிரி ஆள் காலை நீட்டிவிடுவார், நான்காவது கோல் அப்படித்தான் போனது.

தோல்வியைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 1972இல் நம் மலேசியா மூனிக் ஒலிம்பிக்குக்குப் போனது, காற்பந்தில் அதுதான் முதல் தடவை. மேற்கு ஜெர்மனியிடம் 3-0 தோல்வி. அமெரிக்காவை 3-0 என்று வென்றோம். கடைசி ஆட்டம் மொரோக்கோ, 6-0. ஆறு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்கள். யாரும் அணியைக் கலைக்கவில்லை. 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினோம். 1980இல் மெர்டேக்கா அரங்கில் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றோம், நம் ஆறுமுகம் கோலில் நின்ற ஆட்டம் அது. அப்புறம் நாடே புறக்கணித்ததால் போகவில்லை, அது வேறு கதை. ஆறுமுகத்தின் நீண்ட கையைப் பார்த்துத்தான் ஸ்பைடர்மேன் என்றார்கள். தோட்டத்தில் கோலில் நின்ற பையன்கள் எல்லாம் ஆறுமுகம் மாதிரி பாயப் பார்ப்பார்கள், நானும் பாய்ந்தேன், சரளை மண்ணில் முழங்கை எல்லாம் கிழியும்.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் அணி இருந்தது. லாரியில் ஏறிப் போவோம், தோற்றாலும் அதே லாரியில்தான் திரும்பி வர வேண்டும், வழி நெடுகச் சண்டை போட்டுக்கொண்டே வருவோம். அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே பதினொரு பேர் நிற்பார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்தில் இருந்தவர்கள் தாமான் குடியிருப்புகளுக்குப் போன பிறகு அந்த அணிகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அவை தோற்றதால் போகவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

எல்லண்ட்ரோடு_பத்தாங் | ஞாயிறு, மாலை 4.05

ஐயா, நீங்கள் சொன்னதும் பெட்டாலிங் ஜெயா சிட்டி நினைவுக்கு வருகிறது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா அணியாகத் தொடங்கியது, 2019இல் சூப்பர் லீக் வரை வந்தது. நம் பையன்கள் நிறையப் பேர் ஆடினார்கள், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இல்லாமலேகூட ஆடிக் காட்டினார்கள். 2022 பருவத்தோடு விலகிக்கொண்டார்கள். தோற்று இறங்கியிருந்தால்கூட மறுபடி ஏறலாம் என்று காத்திருந்திருப்போம். எனக்கு இன்றுவரை அந்த வருத்தம் போகவில்லை.

கோச்_தாமான் | ஞாயிறு, இரவு 8.20

எல்லாரும் பெரிய ஆட்டத்தைப் பேசுகிற இடத்தில் சின்ன ஆட்டத்தைக் கொண்டு வருகிறேன், மன்னிக்கவும். ஆனால் காலையிலிருந்து இதைப் படித்துக்கொண்டே இருக்கிறேன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

நான் இங்கே 15 வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள், சில பேர் தாமானிலிருந்து வருகிறார்கள். போன வருஷம் கீழ்ப் பிரிவில் முதலிடம், அதனால் இந்த வருஷம் மேல் பிரிவுக்கு ஏற்றினார்கள். நேற்று மாலை இரண்டாவது ஆட்டம், 7-0. எதிரணி நகரத்து அகாடமி, வாரம் நான்கு நாள் செயற்கைப் புல்லில் பயிற்சி எடுப்பவர்கள், உடம்பே வேறு மாதிரி இருந்தது. எங்கள் கோலிக்கு 13 வயது. ஆட்டம் முடிந்து யாரிடமும் பேசவில்லை, வேனில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டான். இன்றைக்கு மூன்று அப்பாக்கள் போன் செய்தார்கள். ஒருவர் கீழ்ப் பிரிவுக்கே திரும்பக் கேளுங்கள் என்றார், ஒருவர் தன் பையனை நிறுத்திக்கொள்கிறேன், டியூஷன் இருக்கிறது என்றார். மூன்றாமவர் கோலியை மாற்றச் சொன்னார்.

செவ்வாய் மாலை பயிற்சி. அந்தப் பையன்கள் முன்னால் போய் நின்று முதலில் என்ன சொல்வது என்று எனக்குத் தெளிவாக இல்லை.

செம்பனை_9 | ஞாயிறு, இரவு 8.35

கோச், கோலியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அதைவிடக் கெட்டது எதுவும் இல்லை.

புக்கிட்ரோத்தான்_டீச்சர் | ஞாயிறு, இரவு 9.10

கோச், பயிற்றுநர் ராஜகோபாலின் 2010 மலேசிய அணியைப் பற்றி அந்தப் பையன்களுக்குச் சொல்லுங்கள். அப்போது அவர்கள் பிறந்தேகூட இருக்கமாட்டார்கள் அல்லது கைக்குழந்தைகள், அதனால் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

2010 டிசம்பர் 1, ஆசியான் கிண்ணத்தின் முதல் ஆட்டம், ஜகார்த்தாவில் இந்தோனேசியா நம்மை 5-1 என்று அடித்தது. மறுநாள் பத்திரிகைகளில் வந்ததைப் படித்தவர்களுக்கு நினைவு இருக்கும், வெளியே வந்த கோபம் நேற்று உங்கள் வாட்சாப் குழுவில் வந்ததைவிட நூறு மடங்கு. அடுத்த ஆட்டம் தாய்லாந்து, 0-0. எனக்கு இந்த 0-0தான் முக்கியம். ஐந்து வாங்கிய அணி அடுத்த ஆட்டத்தில் முதலில் செய்தது கோல் விடாமல் நின்றதுதான். அப்புறம் லாவோசை 5-1, அரையிறுதியில் வியட்நாமை இரண்டு ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடாமல் 2-0. இறுதியில் யார் வந்தது? அதே இந்தோனேசியா. புக்கிட் ஜாலிலில் 3-0. ஜகார்த்தாவில் 2-1 தோற்றோம், ஆனால் மொத்தத்தில் 4-2, கிண்ணம் நமக்கு. சாஃபி சாலி அந்தப் போட்டியில் ஐந்து கோல். நம் குணாளன் ஆடினார், குருசாமி ஆடினார்.

அந்த மாதம் முழுக்க ராஜகோபால் பயிற்றுநராகவே இருந்தார், 5-1க்குப் பிறகு அவரை யாரும் தூக்கவில்லை. செம்பனைத் தம்பி, ஃபார்க்கே பற்றி நீங்கள் எழுதியதற்கும் இதுதான் என் பதில்.

பையன்களுக்கு ஜெயிக்கச் சொல்லி அனுப்பாதீர்கள். அடுத்த ஆட்டத்தில் முதல் அரை மணி நேரம் கோல் விடாமல் இருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். வகுப்பில் தேர்வில் மோசமாக வாங்கிய பிள்ளைகளிடமும் அடுத்த முறை எல்லாப் பாடமும் என்று நான் கேட்பதில்லை, ஒரு பாடம் போதும் என்பேன்.

பழைய_கோலி | ஞாயிறு, இரவு 9.40

அந்தக் கோலிப் பையனை எனக்குப் பார்க்க வேண்டும். செவ்வாய் நான் வருகிறேன். ஓடவோ பாயவோ என்னால் முடியாது, ஆனால் எங்கே நிற்க வேண்டும், எப்போது வெளியே வர வேண்டும், கார்னரில் யாரைப் பெயர் சொல்லிக் கத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க முடியும். 13 வயதில் பாதிக் கோல் விழுவது கோலி வாயைத் திறக்காததால்தான். ஏழில் எத்தனை கோல் அவன் தலைக்கு மேலே போனது, எத்தனை தரையில் போனது என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?

கோச்_தாமான் | ஞாயிறு, இரவு 10.00

ஐயா, நீங்கள் வந்தால் அதுவே பெரிய உதவி. தலைக்கு மேலே மூன்று, மூன்றும் கார்னர். தரையில் நான்கு, அதில் இரண்டு எங்கள் பின்வரிசை முன்னால் ஏறிப் போய்த் திரும்பி வர முடியாமல் விட்டது. கீழ்ப் பிரிவில் நாங்கள் எப்போதும் அப்படித்தான் ஆடினோம், எல்லாரும் ஏறுவோம், எதிரணியால் திருப்பி அடிக்க முடியாது. மேலே அப்படி விடமாட்டார்கள்.

எல்லண்ட்ரோடு_பத்தாங் | ஞாயிறு, இரவு 10.25

நேற்று லீட்ஸ் ஆடியதும் கிட்டத்தட்ட இதுதான் கோச். சாம்பியன்ஷிப்பில் முக்கால்வாசி ஆட்டம் நம் காலில்தான் பந்து இருந்தது, 95 கோல் அப்படி வந்ததுதான். இங்கே பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கத் தெரிய வேண்டும், அது வேறு வித்தை. ஹல், வெஸ்ட் பிராம் எல்லாம் அடி வாங்கிய பிறகு ஆர்சனலிடம் போய் ஜெயித்தது அதைக் கற்றுக்கொண்டதால்தான் என்று நினைக்கிறேன். ஃபார்க்கே சனிக்கிழமை நியூகாசலுக்கு எதிராகப் பின்வரிசையைக் கொஞ்சம் கீழே இறக்கி, கார்னருக்கு ஆளைச் சரியாக நிறுத்தினாலே எனக்குப் போதும். 0-0 கிடைத்தாலும் சந்தோஷமாக எடுத்துக்கொள்வேன்.

ரவாங் தம்பி கேட்ட கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பண இடைவெளியை ஃபார்க்கேயும் மூட முடியாது, நாமும் மூட முடியாது. ஆனால் தோற்ற மறுநாளே ரசிகனும் போய்விட்டால் ஆட்டக்காரன் யாருக்காக ஓடுவான்?

ரவாங்_சிவப்பு | ஞாயிறு, இரவு 10.40

சரி அண்ணே. 17ஆம் இடம் என்று எழுதி வைத்துக்கொள்கிறேன், 16க்குள் வந்தால் உங்கள் எல்லாருக்கும் நான் ரொட்டி சானாய் வாங்கித் தருகிறேன். கோச், என்னிடம் நல்ல நிலையில் இரண்டு ஜோடி கோலி கையுறை இருக்கிறது, தம்பி வளர்ந்துவிட்டான், சும்மா கிடக்கிறது. செவ்வாய் வேலை முடிந்து ரவாங்கிலிருந்து வர நேரம் ஆகும், திங்கள் இரவே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். எந்த அளவு என்று மட்டும் சொல்லுங்கள்.

செம்பனை_9 | திங்கள் 25.8.2025, காலை 5.50

பெரட்டுக்குக் கிளம்புகிறேன், போவதற்கு முன் எழுதிவிடுகிறேன். ஃபார்க்கேயைத் தூக்கு என்று போட்டதை அழித்துவிட்டேன். ஆனால் கார்னரில் மறுபடி இதே மாதிரி வாங்கினால் மறுபடி கேட்பேன், அதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

நியூகாசல் ஆட்டம் நம் நேரம் ஞாயிறு நள்ளிரவு 12.30, அதாவது மெர்டேக்கா நாள் பிறந்த உடனே. அன்றைக்கு லீவு, ஞாயிற்றுக்கிழமையில் விழுவதால் திங்களும் லீவு, வரமாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாமாக் கடையில் பெரிய திரை இருக்கிறது, நான் இன்றைக்கே போய் நான்கு மேசை சொல்லி வைக்கிறேன். ஈஜோக், நீயும் வா, உங்கள் லிவர்பூல் ஆட்டம் அன்றைக்கு இரவுதானே. கோச், பையன்களில் வீட்டில் விடுகிறவர்களைக் கூட்டி வாருங்கள், கோலியைக் கட்டாயம். ஐயாவை நான் மோட்டாரில் ஏற்றி வருகிறேன்.

கோச்_தாமான் | திங்கள், காலை 6.30

அளவு ஏழு. நான்கு பையன்களின் அப்பாக்களிடம் இன்றைக்குப் பேசுகிறேன். டியூஷன் என்று சொன்னவர் வீட்டுக்கு நேரிலேயே போகிறேன்.